ஆள் போதாத வார்டைச் சட்டம் வரை கொண்டுபோவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம் என்பதற்குச் சட்டத்தில் எண் கிடையாது. 2018-இல் அரசிதழில் வந்த சுகாதார நிலையங்களுக்கான தர விதிமுறைகள்கூட, தேவைக்கு ஏற்ற பணியாளர் திட்டம் இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகின்றன. கலிபோர்னியாவில் நர்ஸ் சங்கம் பல ஆண்டுகள் முட்டிமோதி 1999-இல் சட்டத்தை வாங்கியது. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஐசியுவில் இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ். பொது வார்டில் முதலில் ஆறு, மறுவருடத்திலிருந்து ஐந்து. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000-இல் ஊதிய ஒப்பந்தத்துக்குள் நுழைந்த நர்ஸ்-நோயாளி விகிதம் 2015-இல்தான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. நடுவில் பதினைந்து வருடம்.

ஆக, இது ஒரு ஊர்வலத்தில் முடிகிற காரியம் இல்லை. டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் நர்ஸ் வேலை பார்க்கும் நம்மவர்களில் சங்கக் கிளையில் பொறுப்பு எடுத்தவர்களுக்கும், எடுக்கச் சொல்லி மற்றவர்கள் பிடித்துத் தள்ளிவிட்டவர்களுக்கும் இந்தக் குறிப்பு. டெனோசா, நெஹாவு, ஹோஸ்பெர்சா என்று எந்தச் சங்கமானாலும் வழி ஒன்றுதான்.

முதலில், எந்த வாசல்?

கிளைகள் ஆண்டுக்கணக்கில் நேரத்தை வீணாக்குவது பெரும்பாலும் இங்கேதான். சரியான புகார், தவறான வாசல்.

உங்கள் வார்டில் இந்த மாதம் ஆள் குறைகிறது என்றால் அது மருத்துவமனை நிர்வாகத்துக்கும் அங்குள்ள தொழிலிடப் பாதுகாப்புக் குழுவுக்கும் போக வேண்டும். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது அல்லது நூலிழையில் தப்பியது என்றால் நோயாளி பாதுகாப்புச் சம்பவப் படிவம். சம்பளம், பணி நேரம், பதவிப் படிநிலை எல்லாம் பொதுச் சுகாதார, சமூக வளர்ச்சித் துறைக்கான பேரமன்றத்தின் (சங்கங்களும் அரசும் உட்கார்ந்து பேரம் பேசும் அமைப்பு) விஷயம். பல வார்டுகளில், பல மருத்துவமனைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது, விதியே சரியில்லை என்றால்தான் அமைச்சகம், நாடாளுமன்றம். நர்ஸ் ஒருவரின் தொழில்முறை நடத்தை பற்றியது தென்னாப்பிரிக்க நர்ஸிங் கவுன்சிலுக்குப் போகும். கவுன்சில் சங்கம் அல்ல என்பதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சந்தா இரண்டுக்கும் கட்டுவதால் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். கவுன்சில் நோயாளியைக் காக்க உங்களைக் கண்காணிக்கும் அமைப்பு, உங்களுக்காக வாதாடாது.

தனிப்பட்ட மனக்குறை என்றால் காலக்கெடு உண்டு. அரசுப் பணியில், விஷயம் தெரியவந்த 90 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும்; துறைக்கு அதைத் தீர்க்க 30 நாள். 91-ஆம் நாள் எவ்வளவு அழகான மனு எழுதினாலும் பேச்சு மனுவைப் பற்றி இருக்காது, தாமதத்தைப் பற்றித்தான் இருக்கும்.

ஷிப்ட் குறிப்பு எழுதும் முறை

மேலே போகும் எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த ஒரு தாள்தான். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு பக்கம், அச்சடித்த கட்டங்களோடு. கட்டங்கள் இவை போதும்: தேதி, ஷிப்ட், வார்டின் அங்கீகரிக்கப்பட்ட படுக்கை எண்ணிக்கை, ஹேண்டோவர் நேரத்தில் இருந்த நோயாளிகள், ஷிப்டில் வந்தவர், போனவர், பதிவு பெற்ற நர்ஸ், என்ரோல்டு நர்ஸ், துணை நர்ஸ் என்று வகைவாரியாக எத்தனை பேர், அதில் ஏஜென்சி ஆள் எத்தனை, நடுவில் வேறு வார்டுக்கு இழுத்துக்கொண்டவர் எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த வேலை தாமதமானது அல்லது விடுபட்டது, யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு, என்ன பதில்.

இப்படி எழுதினால் பயனில்லை: "இன்று இரவும் ஆள் இல்லை. மிகவும் கஷ்டப்பட்டோம். மேட்ரன் கண்டுகொள்ளவில்லை."

இப்படி எழுதினால் நிற்கும்: "28 படுக்கை. 19:00 மணிக்கு 31 நோயாளி, மூவர் டிராலியில். பதிவு பெற்ற நர்ஸ் 1, என்ரோல்டு 1, துணை 2. 21:15-க்குத் துணை நர்ஸ் ஒருவர் கேஷுவல்டிக்கு அனுப்பப்பட்டார், திரும்பவில்லை. 22:00 மருந்துச் சுற்று 00:50-க்கு முடிந்தது. 02:00 மணி இரத்த அழுத்தப் பரிசோதனை 9 பேருக்கு விடுபட்டது. 21:20-க்கு இரவு மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் சொல்லப்பட்டது. ஆள் இல்லை என்று பதில்."

இரண்டாவது குறிப்பில் அழுகை இல்லை, குற்றச்சாட்டு இல்லை. படிப்பவர் தானே கணக்குப் போட்டுக்கொள்வார். அவருக்கு உதவியாக அந்தக் கணக்கையும் நீங்களே ஒருமுறை போட்டுக் காட்டலாம். ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கக் குறைந்தபட்சம் 5 நிமிடம்: பெயர் பார்த்து, சார்ட் பார்த்து, கொடுத்து, கையெழுத்திட்டு. 31 பேருக்கு 155 நிமிடம். நடுவில் ஒருவருக்கு மார்ஃபின் என்றால், அது ஷெட்யூல் 6 மருந்து. பூட்டிய அலமாரி திறக்க வேண்டும், பதிவேட்டில் மீதியை எண்ண வேண்டும், சரிபார்க்க இரண்டாவது ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடமும் வார்டின் மறுகோடியில் யாரும் இல்லை. பத்து மணி மருந்து ஒரு மணிக்கு ஏன் முடிகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

மூன்று எச்சரிக்கை. நோயாளியின் பெயர், படுக்கை எண், நோய் விவரம் இந்தத் தாளில் வரவே கூடாது. சார்ட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தையும் நோயாளி ரகசியத்தையும் ஒருசேர மீறுவதாகும். அதற்குப் பிறகு விசாரணையில் ஆள் குறைவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், உங்கள் போனைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டாவது, விடுபட்ட பரிசோதனையைப் பிறகு ஊகித்து நிரப்புவது. "எல்லாருக்கும் 120/80" என்று எழுதிய இரவில் ஒரு நோயாளி இறந்தால், குறையாக இருந்த ஆள் பலம் பொய்ப் பதிவாக மாறி நர்ஸின் தலையில் விடியும். விடுபட்டதை விடுபட்டது என்றே எழுதுங்கள், காரணத்தோடு. மூன்றாவது, தாளை நிரப்புவதை ஒரே ஆளிடம் விடுவது. அவர் லீவில் போனால் மூன்று வாரம் வெறுமையாகக் கிடக்கும். நிர்வாகமோ அந்த மூன்று வாரத்தைக் காட்டி "அப்போது ஆள் இருந்ததே" என்பார்கள்.

நல்ல ஷிப்டையும் எழுத வேண்டும். ஆள் சரியாக இருந்த நாளில் மருந்துச் சுற்று எத்தனை மணிக்கு முடிந்தது என்ற குறிப்புதான் மோசமான நாளுக்கு அளவுகோல். தொடர்ச்சியாக 12 வாரம் சேர்ந்தால் பேச ஆரம்பிக்கலாம்.

ஆட்சேபத்தோடு ஏற்பது

ஆள் போதவில்லை என்று சொல்லிவிட்டு வார்டை விட்டு நடப்பது நோயாளியைக் கைவிடுவதாகும். கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக்கு நேரே இட்டுச் செல்லும். அமெரிக்க நர்ஸ் சங்கங்கள் இதற்கு ஒரு படிவம் வைத்திருக்கின்றன. பொறுப்பை ஏற்கிறேன், ஆனால் இது பாதுகாப்பானதல்ல என்று ஷிப்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுப்பது. நம் கிளையும் அதையே செய்யலாம். ஷிப்ட் முடிந்த பிறகு கொடுத்தால் மதிப்பு பாதியாகிவிடும், ஏனென்றால் சரிசெய்ய நிர்வாகத்துக்கு வாய்ப்பு தரப்படவில்லை என்று வாதிடுவார்கள். இரண்டு பிரதி; ஒன்றில் வாங்கியவரின் கையெழுத்தும் நேரமும். கையெழுத்துப் போட மறுத்தால் "மறுத்தார், 19:25" என்று எழுதி, பக்கத்தில் நிற்பவரைச் சாட்சியாகப் போடச் சொல்லுங்கள்.

அடிக்கவோ, கெட்ட வார்த்தையில் ஏசவோ, பாலியல் சீண்டல் செய்யவோ வருகிற நோயாளிக்குச் சிகிச்சை தர மறுக்கலாம் என்று 2003-ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. அவசரச் சிகிச்சையை மட்டும் யாருக்கும் மறுக்க முடியாது. அது அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே கிளைக் கூட்டத்தில் சொல்லிக்கொடுங்கள். பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு நாற்காலிக்கு எத்தனை நர்ஸ்

நிர்வாகம் "உங்கள் வார்டுக்கு 16 பேர் இருக்கிறார்களே" என்று சொல்லும்போது பல ஷாப் ஸ்டுவர்ட்கள் (பணியிடத்தில் சங்கத்தின் பிரதிநிதிகள்) வாயடைத்துப் போகிறார்கள். ஒரு காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பணிச்சுமை அளவீட்டு முறையும் இதே அடிப்படையில்தான் ஓடுகிறது.

ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 வேலை நாள்: 260. அதில் ஆண்டு விடுப்பு 22, பொது விடுமுறை 12, நோய் விடுப்பு சராசரியாக 8 என்று வைத்துக்கொள்வோம், பயிற்சி 5. மீதி 213 நாள். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரு நர்ஸ் ஆண்டுக்கு 1,704 மணி நேரம் வார்டில் இருப்பார்.

வார்டில் ஒரு இடம் இரவும் பகலும் நிரம்பியிருக்க வேண்டுமானால் 365 பெருக்கல் 24, அதாவது 8,760 மணி நேரம். அதை 1,704-ஆல் வகுத்தால் 5.14. எந்த நேரமும் ஒரு ஆள் நிற்க ஐந்து பேருக்கு மேல் பணியமர்த்த வேண்டும். நான்கு பேர் எப்போதும் நிற்க 20.56, அதாவது 21 பேர். 16 பேர் பட்டியலில் இருந்தால் எல்லா நேரமும் நிற்பது மூன்று பேர்தான். அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போனால் நான்கு மாதம் இன்னும் கீழே.

நோய் விடுப்பு 8 நாள் என்பது உதாரணத்துக்குப் போட்ட எண். உங்கள் வார்டின் உண்மையான சராசரியை மனிதவளப் பிரிவில் கேளுங்கள். பெரும்பான்மைச் சங்கத்துக்குத் தொழிலுறவுச் சட்டம் 66/1995-இன் 16-ஆம் பிரிவின் கீழ் தகவல் கேட்கும் உரிமை உண்டு. சிறுபான்மைச் சங்கமானால் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எண்ணை நீங்களே கற்பனை செய்து போட்டால் முதல் கூட்டத்திலேயே உடைத்துவிடுவார்கள். பிறகு சரியான எண்ணையும் நம்பமாட்டார்கள்.

ஏஜென்சி வேலையையும் இந்தக் கணக்கில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மூன்லைட்டிங் என்று எல்லோரும் சொல்கிற அந்தக் கூடுதல் வேலைக்கு அரசு நர்ஸ் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அடிப்படைப் பணி நிபந்தனைச் சட்டம் இரண்டு வேலை நாளுக்கு நடுவே 12 மணி நேர ஓய்வையும் வாரத்தில் 36 மணி நேரத் தொடர் ஓய்வையும் கேட்கிறது. பகலில் தனியார் வார்டில் நின்றுவிட்டு இரவில் அரசு வார்டுக்கு வருபவர் களைப்பில் செய்யும் தவறை எந்த ஆள்-பலக் கணக்கும் காப்பாற்றாது. சங்கத்துக்குள் இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இதைத்தான்.

சம்பவப் படிவமும் பாதுகாப்புக் குழுவும்

நோயாளி பாதுகாப்புச் சம்பவங்களுக்குத் தேசிய வழிகாட்டி இருக்கிறது. தீவிரத்தை 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள்; 1 என்றால் மரணம் அல்லது கடுமையான தீங்கு. அதை 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். விசாரணையை 60 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும். கிளை செய்ய வேண்டியது, படிவத்தின் "காரணம்" என்ற இடத்தில் அந்த ஷிப்டின் ஆள் பலம் எழுதப்படுகிறதா என்று பார்ப்பது. பெரும்பாலும் "நர்ஸ் கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ஷிப்ட் குறிப்பின் பிரதி இங்கேதான் கைகொடுக்கும். தீங்கு நேராத சம்பவத்தையும், கடைசி நொடியில் தடுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். மாடி ஏறி விழுந்த பிறகு படிக்கட்டைப் பழுதுபார்ப்பதைவிட, தடுக்கியவர் சொன்னதைக் கேட்பது மலிவு.

இருபதுக்கு மேல் பணியாளர் உள்ள இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதிகள் எழுத்தில் நியமிக்கப்பட வேண்டும் என்று தொழிலிடச் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் 85/1993 சொல்கிறது. கடை, அலுவலகம் தவிர்த்த இடங்களில் 50 பேருக்கு ஒருவர். இரண்டு பிரதிநிதி வந்துவிட்டால் குழு அமைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். குழுவின் பரிந்துரை எழுத்தில் பதிவாகும். நிர்வாகம் கேட்கவில்லை என்றால் தொழில் ஆய்வாளரிடம் போகலாம். பல கிளைகள் இந்தக் குழுவைத் தீயணைப்புக் கருவி, வழுக்கும் தரை என்ற அளவில் விட்டுவிடுகின்றன. இது பெரிய நஷ்டம்.

நர்ஸின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒரே கயிறு என்பதற்கு நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தைவிட வேறு ஊர் தேட வேண்டாம். துகேலா ஃபெர்ரியில் எல்லா மருந்துக்கும் கிட்டத்தட்ட எதிர்ப்புக் காட்டிய காசநோய் பற்றி 2006-இல் வெளியான ஆய்வில், 53 நோயாளிகளில் 52 பேர் இறந்திருந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாளுக்குள் போய்விட்டார்கள். இறந்தவர்களில் மருத்துவமனைப் பணியாளர்களும் இருந்தார்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, இருமுபவர் தனியாக உட்கார வைக்கப்படுகிறாரா, என்95 முகக்கவசம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று ஒருவருக்கொருவர் சோதித்திருக்கிறார்களா என்பவை மூன்று மாதக் கூட்டத்தின் நிரந்தரத் தலைப்புகளாக இருக்க வேண்டும். பெட்டி பெட்டியாக முகக்கவசம் வந்திருப்பதைக் காட்டுவார்கள். பொருத்தச் சோதனைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

வெளியே சொல்ல வேண்டிய கட்டம் வந்தால், பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம் 26/2000-இன் வரிசையைப் பின்பற்றுங்கள். முதலில் சட்ட ஆலோசகர், பிறகு நிர்வாகம். தகவல் பெற்ற நிர்வாகம் விசாரிக்கிறதா இல்லையா என்பதை 21 நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று 2017 திருத்தம் சேர்த்தது. நேரே பத்திரிகைக்குப் போனவருக்கு இந்தச் சட்டத்தின் நிழல் கிடைப்பது கடினம். நோயாளியோ குடும்பமோ நிலையத்திடம் புகார் கொடுத்துத் தீரவில்லை என்றால் ஹெல்த் ஆம்பட் (சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) அலுவலகம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் அந்த அலுவலகம் வெளியிட்ட லைஃப் எசிடிமேனி அறிக்கை, மனநோயாளிகளை உரிமமற்ற இல்லங்களுக்கு மாற்றியதால் 94 பேர் இறந்ததாகச் சொன்னது. பின்னர் அந்த எண் 144 ஆனது.

பேரமன்றத்தில்

நர்ஸிங், அத்தியாவசியச் சேவை என்று அறிவிக்கப்பட்டது. தொழிலுறவுச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 72-ஆம் பிரிவின் கீழ் குறைந்தபட்சச் சேவை ஒப்பந்தம் போட்டு, அத்தியாவசியச் சேவைக் குழு அதை உறுதிசெய்தால் நிலைமை மாறும். அதற்கு முன் "எல்லாரும் வருகிறார்களே" என்று இறங்கினால் வேலை போகும். 2007 ஜூனில் நடந்த பெரிய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் நர்ஸ்கள் பலருக்குப் பணிநீக்கக் கடிதம் போனது. 77-ஆம் பிரிவின் சமூகப் பொருளாதாரப் போராட்டத்துக்கும் அத்தியாவசியச் சேவை ஊழியருக்கு அனுமதி இல்லை. தொழிற்சங்கக் கூட்டமைப்பு அழைப்பு விடுத்தால் டியூட்டி இல்லாத நாளில் போய் நிற்கலாம், அவ்வளவுதான்.

வேலைநிறுத்தத்துக்குப் பதிலாகச் சட்டம் கொடுத்திருப்பது 74-ஆம் பிரிவு: சமரசம் தோற்றால் கட்டாய நடுவர் தீர்ப்பு. அரசுக்குச் செலவு வைக்கும் தீர்ப்பு 14 நாளில் கட்டுப்படுத்தும், அதற்குள் அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் வைக்காதிருந்தால். இந்த வழியைக் கிளைகள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது எங்கள் கருத்து. கூட்டத்தில் கைதட்டு வாங்காத வழி என்பதுதான் காரணம்.

ஒப்பந்தத்தின் வாசகம் வார்டை எப்படி அசைக்கும் என்பதற்கு பேரமன்றத்தின் 2007-ஆம் ஆண்டு 3-ஆம் தீர்மானம் நல்ல பாடம். நர்ஸ்களுக்கான தொழில்சார் சம்பளப் படிநிலையைக் கொண்டுவந்தது அது. சிறப்புப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கூடுதல் சம்பளம், ஆனால் குறிப்பிட்ட சில சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டும். பொது வார்டில் வருடக்கணக்காக உழைத்தவர்கள் புழுங்கினார்கள். சிறப்புப் பிரிவு எது, எந்தச் சான்றிதழ் செல்லும் என்று மனக்குறை மனுக்கள் குவிந்தன. வரையறையில் ஒரு சொல் விடுபட்டால் அது ஆட்களை ஒரு வார்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும். அதனால் வரைவு வந்தவுடன் உங்கள் மருத்துவமனைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் இந்த வாசகம் என்ன செய்யும் என்று ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று பணம். 2018-இல் கையெழுத்தான மூன்றாண்டுச் சம்பள ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு உயர்வை அரசு தரவில்லை. சங்கங்கள் வழக்குப் போட்டன. 2022 பிப்ரவரி 28 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், கருவூலத்தின் எழுத்துப்பூர்வ உறுதி இல்லாமல் போட்ட அந்தப் பகுதி செல்லாது என்றது. கையெழுத்து இருந்தும் காசு வரவில்லை. ஆள் எண்ணிக்கை பற்றி எது ஒப்புக்கொண்டாலும் "இதற்கு நிதி எந்தத் தலைப்பில், யார் ஒப்புதல்" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சட்ட வரைவுக்குக் கருத்து எழுதுவது

சுகாதாரம் தேசிய அரசும் மாகாணமும் பகிரும் துறை. ஆகவே மசோதா நாடாளுமன்றத்தின் கீழவையான தேசியச் சபையின் சுகாதாரக் குழு, பிறகு மேலவையான மாகாணங்களின் தேசியப் பேரவை, அதன் வழியாக ஒன்பது மாகாண சட்டமன்றங்கள் என்று இரண்டு சுற்று வரும். கேப் டவுனுக்கு ஆள் அனுப்ப முடியாத கிளைக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டமன்றத்தின் செவிமடுப்பு (பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம்) கைக்கெட்டும் தூரம்.

இந்தச் செவிமடுப்பை வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1996-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்கு முதல் 12 வாரத்தில் அதைச் செய்ய அதிகாரம் தந்தது. பயிற்சி பெற்ற பதிவு நர்ஸ்களுக்கும் அதை விரித்த 2004 திருத்தத்தை 2006-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. உள்ளடக்கத்துக்காக அல்ல, மாகாணங்கள் பொதுமக்களை முறையாகக் கேட்கவில்லை என்பதற்காக. 2008-இல் மீண்டும் சுற்றி வந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. நர்ஸின் அதிகார எல்லை இரண்டு வருடம் தொங்கியது ஒரு கூட்டம் ஒழுங்காக நடக்காததால். எனவே செவிமடுப்பு அறிவிப்பு வந்த தேதி, கருத்துக்குக் கொடுத்த நாட்கள், கூட்டம் நடந்த இடம் எல்லாவற்றையும் கிளைப் பதிவேட்டில் குறித்து வையுங்கள்.

கருத்துக் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மசோதாவின் எந்த உட்பிரிவு, இப்போதைய வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், சொல்லுக்குச் சொல், உங்கள் 12 வாரக் குறிப்பிலிருந்து மூன்று எண்கள், செலவு. கடைசி இரண்டும் இல்லாத கடிதம்தான் அதிகம் வரும், அவை ஒரே குவியலில் போய்விடும்.

ஆய்வை மேற்கோள் காட்டினால் சரியாகக் காட்டுங்கள். 2014-இல் லான்செட் இதழில் வந்த ஐரோப்பிய ஆய்வு, 9 நாடுகளின் 300 மருத்துவமனைகளில் 4,22,730 அறுவைச் சிகிச்சை நோயாளிகளைப் பார்த்தது. ஒரு நர்ஸின் சுமையில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7% கூடுகிறது என்றது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. "ஆள் குறைத்ததால் நம் வார்டில் இத்தனை பேர் செத்தார்கள்" என்று இதிலிருந்து கணக்கெடுக்க முடியாது. செலவு பற்றிய வாதத்துக்கு இன்னும் உதவுவது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். 2016-இல் பகலில் நாலுக்கு ஒன்று, இரவில் ஏழுக்கு ஒன்று என்று விகிதம் வைத்தார்கள். 2021-இல் வந்த ஆய்வு, நோயாளிகள் சீக்கிரம் வீடு போனதிலும் திரும்பி வராததிலும் மிச்சமான பணம், கூடுதல் நர்ஸ்களுக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்றது. கருவூலத்தின் காதில் விழுவது இந்த வாக்கியம்தான்.

சட்டத்தை மட்டும் துரத்தி விதிமுறையை விட்டுவிடாதீர்கள். எண்கள் பெரும்பாலும் விதிமுறையில்தான் உட்காரும். தேசியச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வரும் விதிமுறை வரைவை, நடைமுறைத் தேதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அரசிதழில் கருத்துக்கு விட வேண்டும். கிளையில் ஒருவருக்கு வெள்ளிக்கிழமை தோறும் அரசிதழ் பார்க்கும் வேலையைக் கொடுங்கள்; அரை மணி நேரம் போதும்.

எல்லாக் கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் அடைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை என்பதால் டியூட்டிப் பட்டியலில் வருடந்தோறும் இழுபறி, காவடிக்கும் அப்படியே. பொது விடுமுறை ஒன்றை ஒப்பந்தத்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, அதை வார்டு அளவில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். மூக்குத்திக்கு 2007-இல் டர்பன் பள்ளி மாணவியின் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பு துணை நிற்கும். பண்பாட்டு வழக்கத்துக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்றது அது. ஆனால் மணிக்கட்டில் கட்டிய காப்புக்கயிறு வேறு விஷயம். கை கழுவும்போது ஈரம் தங்கும், கிருமி தங்கும். இரண்டையும் ஒரே கோரிக்கையாக வைத்தால், தொற்றுத் தடுப்புச் சிஸ்டர் கயிற்றைக் காட்டியே மூக்குத்தியையும் தள்ளிவிடுவார்.

குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டதும் வேலை முடிந்ததாக நினைத்துக் கிளைகள் கேக் வெட்டிவிடுகின்றன. கையெழுத்து வேறு, தொடக்கத் தேதி வேறு. தேசியச் சுகாதாரச் சட்டத்தின் எண் 2003 என்றாலும் அதன் பெரும்பகுதி 2005 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் 2024 மே 15 அன்று கையெழுத்தானது. பிரிவு பிரிவாக எப்போது உயிர் பெறும் என்பது தனி அறிவிப்பு. எந்தப் பிரிவை மேற்கோள் காட்டினாலும், அதற்குத் தொடக்க அறிவிப்பு வந்துவிட்டதா என்று அரசிதழில் பார்த்து, அந்த இதழின் எண்ணையும் தேதியையும் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.